ஆண்டி சுகமாக இருக்கிறான்

சின்னராஜிடம் நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவருக்கு வந்ததில்லை. எல்லாம் பேர்பெற்ற நாடக ஆசிரியர்கள் தம் கையால் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, வேறு யார் யாருக்கோ அனுப்பியவை. தட்டச்சுக் கடிதத்தை அவர் சேர்ப்பதில்லை. கையெழுத்தில்லாத கடிதத்தையும் சேர்ப்பதில்லை. சினிமாவுக்கு வசனம் எழுதப் போனவர்கள் என்றால், போவதற்கு முன்னால் எழுதியதை மட்டும் வாங்கிக்கொள்வார். ஏரியூர்ப் பக்கம் மூங்கிலான்கொட்டாயில் நாற்பத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்துவிட்டு, இப்போது பென்னாகரத்தில் ஓய்வாகக் குடியிருக்கும் மனிதருக்கு இத்தனை கறார் எதற்கு என்று கேட்கலாம். அடுத்தவர் கடிதத்தில் குடியிருப்பவர்கள்தான் இதிலெல்லாம் கறாராக இருப்பார்கள்.

நாடகம் எழுதுகிறவர்கள் கடிதத்தில் கலையைப் பற்றி எழுதுவார்கள் என்று நம்புகிறவர்கள் அந்தக் கடிதங்களைப் படித்ததில்லை. 'திரை இழுக்கும் கயிறு இற்றுவிட்டது. புதுக்கயிறு அனுப்பினால்தான் மூன்றாம் அங்கம் முடியும்.' 'ராஜா வேஷக்காரருக்கு மூலம். உட்கார்ந்து ஆள முடியவில்லை. நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வதுபோல் மாற்றியிருக்கிறேன்.' 'போன ஊரில் கொடுத்த அறையின் மூட்டைப்பூச்சிகளுக்கு என் நாடகத்தின் மேல் தனிப்பட்ட விரோதம்.' இப்படித்தான் போகும். சின்னராஜ் இவற்றை வேதம்போலப் படிப்பார். கயிற்றைப் பற்றி எழுதிய அதே பேனாதானே அந்த மகாவசனங்களையும் எழுதியது என்பது அவர் வாதம்.

ஆர்மோனியக்காரர் வீடு, நாடகம் பிடித்த காண்ட்ராக்டர் வீடு, பழைய பேப்பர் கடை என்று அலைந்து சேர்த்தவை. அந்தக் காலத்தில் வந்த கடிதத்தை எல்லாம் ஒரு வளைந்த கம்பியில் குத்திச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதனால் அவரிடம் இருந்த கடிதங்களில் முக்கால்வாசிக்கு நெஞ்சில் ஓட்டை. அவற்றை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நடுவில் வேப்பிலை வைத்து, நம்பர் ஒட்டி, உள்ளறை இரும்பு பீரோவில் அடுக்கியிருந்தார். அந்த அறையில் அவர் மனைவி செல்லி படுப்பதில்லை.

"எழுதுனவங்களும் செத்துட்டாங்க, வாங்குனவங்களும் செத்துட்டாங்க. நடுவுல நீங்க யாருக்குக் காவலு?" என்பாள்.

"சரித்திரத்துக்கு" என்பார் சின்னராஜ்.

"அது வந்து வாங்கிட்டுப் போவுமா?"

வாங்கியவர்கள் எல்லாரும் செத்துவிடவில்லை. அதுதான் சங்கடம். ஒண்ணாம் நம்பர்க் கடிதம் யாருக்கு வந்ததோ அந்த அம்மாள், எழுபத்தைந்து வயதில், மூங்கிலான்கொட்டாயில் இன்னும் தன் கையால் களி கிண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் பாஞ்சாலி. எண்பத்திரண்டாம் வருஷம் வைகாசியில், சின்னராஜ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, அவளுக்கு ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் தே. வ. குழந்தைநாதன். மைக் செட் கட்டிய ஊர்களில் எல்லாம் தெரிந்த பெயர் அது. அவர் நாடகத்தில் வரும் மந்திரி பேசுவதைப் பேசிக் காட்டாத கல்யாண வீடு அப்போது கிடையாது. பாஞ்சாலியின் ஒரே தம்பி ஆண்டி, வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போய், அவருடைய கம்பெனியில் பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு.

அப்போது கொட்டாயில் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கடிதத்தைக் கொண்டுவருகிறவரே படித்துச் சொல்லவும் வேண்டும். பதில் எழுதுவதும் அவர்தான். அதற்கு ஒரு முறையும் இருந்தது. தபால்காரர் முதலில் மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொள்வார். நல்ல சேதி என்றால் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படிப்பார். சாவுச் சேதி என்றால் உள்ளே கால் வைக்கமாட்டார். தெருவில் நின்று படித்து, படித்த இடத்திலேயே கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிடுவார். வீட்டுக்காரர்கள் அதன் பிறகுதான் தலை முழுகப் போவார்கள். கிழிக்காத சாவுக் கடிதம் ஒரு வீட்டில் இருந்தால் அது அடுத்த ஆளைக் கூப்பிடும் என்பது அங்கே யாரும் சந்தேகப்படாத விஷயம்.

சின்னராஜ் ஓட்டிப் பார்த்தார். முதல் பக்கம் முழுக்க ஆண்டியின் புகழ். அவன் சேலை கட்டி மேடைக்கு வந்தால் முன்வரிசைப் பெண்கள் தங்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தார் குழந்தைநாதன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'ஐந்து நாள் மஞ்சள் காமாலை. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை விடியுமுன் போய்விட்டான். விலாசம் தெரியாமல் அவன் பெட்டியைத் துழாவி, தங்களுடைய பழைய கார்டு ஒன்று கிடைத்த பிறகே இதை எழுத முடிந்தது. கொள்ளி நான்தான் வைத்தேன். தகப்பன் ஸ்தானத்தில் நின்றேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவனுக்கு எழுதிய வசனம் இன்னும் கையில் மீதி இருந்தவன் என்ற முறையில் நின்றேன்.'

அதற்குக் கீழே கையெழுத்து. எங்கேயும் 'தே.வ.கு.' என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிற மனிதர், அங்கே தன் முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் வாலை அப்படியே இழுத்துத் தாளின் ஓரம்வரை விட்டிருந்தார். பச்சை மை. இருபத்து நான்கு வயது சின்னராஜ் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார். இன்னும் ஒரு நிமிஷத்தில் இந்தக் கையெழுத்து நாலு துண்டாகத் தெருவில் கிடக்கும். கிழிக்கப்போவதும் அவர் கைதான்.

பாஞ்சாலி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "என்னாங்க தம்பி, ஆண்டி கடுதாசியா?"

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். முதல் பக்கத்தைக் குரல் ஏற்றி இறக்கிப் படித்தார். தாளைத் திருப்பினார். "ஆண்டி சுகமாக இருக்கிறான். இப்படிக்கு, தே. வ. குழந்தைநாதன்" என்று முடித்தார்.

அவர் இயற்றிய முதல் வசனம் அது. மூன்றே சொல்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். கடிதம் இன்றைக்குத் தப்பித்தால் போதும், நாளைக்கு அவள் புருஷனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டால் யாரும் எதையும் கிழிக்கத் தேவையில்லை. மறுநாள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தான். அதற்கடுத்த நாள் ஞாயிறு. நாலாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து சேர்ந்துகொண்டது. ஒரு நாள் தள்ளிப்போட்ட சாவு மறுநாள் இரண்டு பங்கு கனக்கிறது. பத்து நாளில் அதை ஒரு ஆள் தூக்க முடிவதில்லை.

கடிதத்தை அவளே அவரிடம் கொடுத்துவைத்தாள். "எங்கிட்ட இருந்தா கரப்பான் தின்னுரும். உங்ககிட்டயே இருக்கட்டும். வேணுங்கறப்ப வந்து படிச்சுக் காட்டுங்க தம்பி." அப்படி அது ஒண்ணாம் நம்பர் ஆயிற்று. கம்பியில் ஏறாததால் நெஞ்சில் ஓட்டை இல்லாத கடிதம்.

வேணுங்கறப்ப என்று அவள் சொன்னது மாதத்துக்கு ஒருதரமாக இருந்தது. பிறகு பதில் எழுதச் சொன்னாள். எழுதினார், பெட்டியில் போடவில்லை. பதில் போட்டவளுக்குப் பதில் வராமல் இருக்குமா? ஆறு மாதம் கழித்து ஒன்று வந்தது. படிக்கத் தெரியாதவளிடம் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு படித்தாலும் போதும்தான். ஆனால் எழுதாத கடிதத்தைப் படித்துக்காட்ட சின்னராஜின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பச்சை மை வாங்கி, குழந்தைநாதனின் கையெழுத்தை இரண்டு நோட்டு நிறையப் பழகி, அவரைப் போலவே எழுதி, 'தே.வ.கு.' என்று போட்டு, அதன் பிறகே போய்ப் படித்தார். நேர்மைக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது, இடம்தான் தெரிவதில்லை.

நாலு வருஷத்தில் நாலு கடிதம். படித்து முடித்ததும் அவையும் அவர் காவலுக்கே வந்து நம்பர் வாங்கின. ஒவ்வொன்றிலும் கயிறு, மூட்டைப்பூச்சி, ரயில் தாமதம், நடுவில் ஆண்டி. மூன்றாவதில் பக்கம் நிரம்பவில்லை என்று ஒரு வரி சேர்த்தார்: 'ஆண்டி இலை முன் உட்கார்ந்தால் முதல் கவளத்தை உருட்டி இடது முழங்காலுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். ஏனென்று கேட்டால் சிரிக்கிறான்.' அதைப் படித்துக் காட்டியபோது பாஞ்சாலி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எண்பத்தாறில் குழந்தைநாதன் காலமானதாகப் பேப்பரில் படத்தோடு வந்தது. செத்தவர் கடிதம் எழுதமாட்டார் என்ற நியாயத்தால் சின்னராஜ் நிறுத்திக்கொண்டார். ஆண்டி விஷயத்தில் அந்த நியாயம் அவருக்குத் தோன்றவில்லை. நாலாவது கடிதத்திலேயே அவனை வேறொரு கம்பெனியோடு பம்பாய்க்கு ரயிலேற்றி அனுப்பியிருந்தார். பம்பாய் பெரிய ஊர். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஒருவன் அங்கே இருக்கலாம்.

இருந்தான். பாஞ்சாலி மகள் கோகிலாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் உட்கார வேண்டிய மனைப்பலகையில் பாஞ்சாலி ஒரு வேட்டியை மடித்து வைத்தாள். கல்யாணத்திலும் அதே வேட்டி. பங்காளி முறையில் வேறு ஆளை உட்கார வைக்கலாம் என்று சொன்னவர்களிடம், "உசுரோட இருக்கறவன் எடத்துல இன்னொருத்தன உட்கார வெச்சா, அது அவன நாமே சாவடிச்ச மாதிரி" என்றாள். சின்னராஜ் இரண்டு முறையும் பந்தியில் உட்கார்ந்து அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சாப்பாடு இறங்கியது என்பதைப் பிற்காலத்தில் அவர் பெரிய குற்றமாக நினைத்தார்.

ஆண்டியை அவர் ஒரே ஒருதரம்தான் நேரில் பார்த்திருக்கிறார், அதுவும் ஒல்லிப் பையனாக, பொங்கலுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போகையில். ஆனால் உயிரோடு வைத்திருக்கிறவருக்கு வளர்க்கிற பொறுப்பும் உண்டல்லவா? முப்பதில் அவனுக்குத் தொப்பை போட்டார். நாற்பதில் முன்மண்டையை ஏற்றினார். ஐம்பதுக்குமேல் ஆண்டி தானாகவே வயசாக ஆரம்பித்தான். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பட்டப்பகலில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தான்; நெற்றி, மூக்கு, எல்லாம் இவர் நினைத்துவைத்திருந்த அதே அச்சு. இன்னொரு நாள் தொப்பூர்க் கணவாயில் பஸ் மெதுவாக இறங்கியபோது, பக்கத்தில் உருண்டு வந்த லாரியில் கிளீனர் பக்கம் உட்கார்ந்து, நரைத்த தலையோடு இவரையே பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை. கேட்க ஒன்று வைத்திருக்கிறவன் பார்க்கிற பார்வை. சின்னராஜ் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, டீ குடித்து, இதெல்லாம் சர்க்கரை குறைந்தால் வருவது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

இப்படி இருக்கையில்தான் போன மாசி மாதம் பேராசிரியை பிரியதர்ஷினி வந்தாள். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். சின்னராஜின் கடிதங்களைக் கல்லூரி மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கண்காட்சி நடத்த வேண்டும் என்றாள். நாற்பது வருஷமாக ஒருத்தர் வந்து இதைக் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தவருக்குக் காது அடைத்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவள் முதல் உறையைத் தொட்டதைப் பார்த்து, செல்லியே மரியாதையாகத் தலையை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் வந்து நூற்று நாற்பத்து மூன்றையும் படித்தாள். மூன்றாம் நாள் மாலை கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார், ஒண்ணாம் நம்பர்ல ஆண்டிங்கறவர் செத்துட்டாரு."

"ஆமாம்மா."

"ஏழுல சுகமா இருக்காரு. பன்னண்டுல புது வேஷம் கட்டுறாரு. பத்தொம்பதுல சாப்பிடுறாரு. இருபத்தாறுல பம்பாய் போறாரு."

"ஆமாம்மா."

"எப்படிங்க சார்?"

"நாடகக்காரங்கம்மா" என்றார் சின்னராஜ். வேறென்ன சொல்வது?

"எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க."

அந்த ஒரு வாரம் சின்னராஜ் பீரோவைத் திறக்கவில்லை. உள்ளறையில் யாரோ தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டதாகச் செல்லி சொன்னாள். பல்லி என்றார்.

ஒரு வாரம் கழித்து பிரியதர்ஷினி முடிவோடு வந்தாள். நாலு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். ஒண்ணாம் நம்பர் போலி.

"வருத்தப்படாதீங்க சார். பெரிய பெரிய சேகரிப்பாளர்களே இதுல ஏமாந்திருக்காங்க. தே.வ.கு. முழுப்பேர்ல கையெழுத்துப் போட்டதா வேற எங்கயும் இல்ல. ஒரு இடத்துலயாவது கயிறு உண்டா, மூட்டைப்பூச்சி உண்டா? அழுகை ஜாஸ்தி. அவரு இப்படி உருகுற ஆளே கெடையாது. யாரோ பின்னாடி எழுதிச் சேர்த்திருக்காங்க."

"மத்த நாலு?"

"அசல்" என்றாள். முகம் மலர்ந்தது. "அதுவும் பத்தொம்பதாம் நம்பர். அந்த முதல் கவளத்த முழங்காலுக்குப் பின்னால மறைக்கிறான் பாருங்க, அந்த ஒரு வரி. பிறவி நாடகாசிரியன் கண்ணுக்குத்தான் சார் அது படும். நாலையும் வாசல்ல, முதல் பெட்டில வைக்கிறோம். பாஞ்சாலி அம்மா உயிரோட இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? அவங்கள அழைச்சு முன்வரிசையில உட்கார வைக்கலாம்."

சின்னராஜுக்கு எல்லாம் கூடி வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வருஷத்துப் பாரத்தைப் படித்த ஒரு பெண் வந்து நாலு பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டாள். சாவு போலி. சுகம் அசல். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆண்டி பம்பாயில் சாகாவரத்தோடு இருப்பான், பாஞ்சாலிக்கு மாலை போடுவார்கள், அவர் எழுதியது முதல் பெட்டியில் இருக்கும். காப்பி வரும்வரை தாக்குப்பிடித்தார்.

"அது போலி இல்லம்மா" என்றார்.

"ஆதாரம் இருக்கே சார்."

"போலி இல்லங்கறேன். அந்தக் கையெழுத்தப் பாத்துட்டுப் போலின்னு சொல்ல உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்தது? மத்த நாலுதான் போலி. அது நான் எழுதுனது."

டம்ளரோடு வந்த செல்லி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோதுதான் அவருக்கே ஒன்று உறைத்தது. நாற்பத்து மூன்று வருஷம் பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, ஒரு கையெழுத்தின் மானத்துக்காக அரை நிமிஷத்தில் சொல்லியிருக்கிறார்.

பிரியதர்ஷினி தன் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அவங்களுக்கு நீங்க சொல்ற வரைக்கும் இந்த அஞ்சையும் நான் தொடமாட்டேன் சார்" என்றாள். "கண்காட்சியும் அதுக்கப்புறம்தான்."

அவள் போன பிறகு செல்லி காப்பியைக் கீழே கொட்டினாள். "முப்பத்தெட்டு வருசமா ஒரு எழவ வூட்டுக்குள்ள வெச்சு எங்கூடக் குடித்தனம் நடத்தியிருக்கீங்க."

"செல்லி..."

"நமக்கு ரெண்டு புள்ளைங்க தங்கலையே, அப்பக்கூட உங்களுக்குத் தோணலையா?"

அவருக்குத் தோன்றியிருந்தது. இரண்டு முறையும் தோன்றியது. இரண்டு முறையும் பீரோவைத் திறந்து, கடிதத்தைக் கையில் எடுத்து, கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தார். அதை அவர் செல்லியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காலையில போயி அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்றாள். "சொல்லாம அதத் திரும்ப இந்த வூட்டுக்கு எடுத்தாராதீங்க. நீங்களும் வராதீங்க."

காலை பத்து மணிக்கு அவர் மூங்கிலான்கொட்டாயில் இறங்கினார். பாஞ்சாலி வாசலில் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கல்லில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். தலை நிமிராமலே அவர் செருப்புச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க தம்பி. ரிட்டேர் ஆனப்புறம் வரவே காணோம். கடுதாசி கொண்டாந்தீங்களா?" வருஷக்கணக்காக அவள் கேட்கிற கேலி அது. பாதி கேலி.

"கொண்டாந்திருக்கேங்க்கா."

சுத்தி நின்றது. "உள்ள வாங்க. தண்ணி குடிங்க."

"இல்லக்கா. இங்கயே நின்னு படிச்சர்றேன்."

பாஞ்சாலி அவர் கால்களைப் பார்த்தாள். தெருவில் இருந்தன. வாசல் சாணத் தரைக்கு ஒரு முழம் தள்ளி. அவள் சுத்தியைக் கீழே வைத்தாள். புளி ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எழுந்து, சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, தெருவில் அவருக்கு எதிரே நின்றாள்.

அவர் உறையிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தைப் படித்தார். அவளுக்கு அது மனப்பாடம். முன்வரிசைப் பெண்கள், முந்தானை என்று உதடு கூடவே அசைந்தது. அவர் தாளைத் திருப்பியபோது அவளே முந்திக்கொண்டாள்.

"ஆண்டி சுகமா இருக்கான்."

"அது இதுல இல்லக்கா" என்றார் சின்னராஜ். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். காமாலை, வெள்ளிக்கிழமை, பெட்டி, கார்டு, கொள்ளி. ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார். தெருவில் ஒரு ஆட்டோ வந்து, ஹாரன் அடித்துப் பார்த்து, இரண்டு பேரும் நகராததால் சுற்றிக்கொண்டு போனது.

"எப்ப வந்தது இது?"

"அன்னைக்கு வந்ததேதாங்க்கா. எண்பத்திரண்டுல. நான் படிக்கல. படிச்சாக் கிழிக்கணும்னு படிக்கல."

"அப்புறம் நாலு வந்துச்சே."

"நான் எழுதுனதுங்க்கா. ஒரு எழுத்துகூட அவுங்க எழுதல."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"பொய் சொல்லாதீங்க தம்பி. அந்த மொத உருண்டைய நீங்க எப்படி எழுதுவீங்க?"

"எதுங்க்கா?"

"முட்டிக்குப் பின்னால மறைச்சு வெக்கிறானே, அது." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கம்மா செத்த வருசம். சித்தி எங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் களி போடும். நான் தின்னுட்டேன்னு சொல்லுவேன். இவன் தின்னுற மாதிரி உட்கார்ந்து, மொத உருண்டைய எடக்கால் முட்டிக்குப் பின்னால வெச்சுக்குவான். எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறம் குடுப்பான். ஆறு வயசு அப்ப அவனுக்கு. எம்புருசனுக்குத் தெரியாது, எம்மவளுக்குத் தெரியாது. வெளிய சொன்னா சித்தி அவன அடிச்சுரும்னு அன்னைக்கு வாய மூடுனவ, இன்னைக்கு உங்ககிட்டத்தான் தொறக்கறேன். யாரு உங்களுக்குச் சொன்னாங்க?"

சின்னராஜ் யோசித்தார். படித்தவர்கள் செய்கிற மாதிரி முறையாகவே யோசித்தார். காக்கைக்கு முதல் பிடி வைப்பது ஊர் வழக்கம், அதிலிருந்து வந்திருக்கலாம். எங்காவது பந்தியில் யாராவது செய்து பார்த்திருக்கலாம். இவளே தூக்கத்தில் உளறி ஊருக்குள் கசிந்து காதில் விழுந்திருக்கலாம். எல்லாம் சரி. இடது முழங்கால்? அந்த நாளை நினைத்துப் பார்த்தார். பக்கம் நிரம்பவில்லை. கை எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் அவரும் அதைப் படித்தார். இதுவரை அதில் விசேஷம் எதுவும் அவருக்குப் படவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தவருக்கு வலது கை மட்டும் முழங்கைவரை சில்லிட்டது.

"யாரும் சொல்லலக்கா" என்றார்.

"கை உங்களுது" என்றாள் பாஞ்சாலி. "அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வந்த மாதிரி இல்லை. புளித்தூசு பட்ட மாதிரி இருந்தது. "சரி. செத்துட்டான். செத்தும் எனக்கு நாலு தபா எழுதியிருக்கான். அந்த நாலும் என் தம்பியுது. கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துருங்க. இதக் கிழிங்க."

"அக்கா."

"படிச்ச கைதான் கிழிக்கணும். நீங்க கிழிக்காம நான் போயித் தலைக்கு ஊத்திக்க முடியாது. நாப்பத்து மூணு வருசமா அழுக்கோட நிக்கிறேன் தம்பி."

அவர் கிழித்தார். பழைய காலத்துக் காகிதம், வேப்பிலை வாசத்தோடு, துணியைப்போல வலுவாக இருந்தது. முதலில் குறுக்கே. பிறகு நெடுக்கே. நாலு துண்டு. மூன்று கீழே விழுந்தன. கிழித்த கோடு, அவர் வேண்டுமென்று செய்யாத மாதிரி, கையெழுத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நாலாவது துண்டில் பச்சை மை ஒரு கீறலும் இல்லாமல், வாலோடு, முழுசாக இருந்தது. அவர் விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன.

பாஞ்சாலிக்கு ஒரு எழுத்துத் தெரியாது. கிழிந்த தாளின் அளவு தெரியும்.

"அது மட்டும் பெருசா இருக்குது பாருங்க."

"கையெழுத்துக்கா."

"பாத்தேன். அதையும்."

அதையும் கிழித்தார். அவள் அது விழும்வரை பார்த்திருந்துவிட்டு, பின்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டியில் சொம்பு மோதும் சத்தமும், தலையில் தண்ணீர் விழும் சத்தமும், அதற்கப்புறம்தான் அந்த ஒப்பாரியும் கேட்டன. சின்னராஜ் தெருவிலேயே நின்றார். போகலாமா கூடாதா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஈரத்தலையோடு திரும்பி வந்தவள், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். குடிக்கவா, தலையில் ஊற்றிக்கொள்ளவா என்று அவர் கேட்கவில்லை. ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் நாலு கடிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த அமாவாசையில் பாஞ்சாலி ஒகேனக்கல்லில் தம்பிக்குக் காரியம் செய்தாள். ஆவணியில் கண்காட்சி நடந்தது, நூற்று முப்பத்தெட்டுக் கடிதங்களோடு. கயிற்றையும் மூட்டைப்பூச்சியையும் படித்துவிட்டு மாணவர்கள் சிரித்தார்கள். நல்ல கூட்டம். பாஞ்சாலியும் மகளோடு வந்து, ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை பேரு எழுதியிருக்காங்களே" என்று மட்டும் சொன்னாள். அவள் மடியில் நாலு கடிதமும் இருந்ததாகக் கோகிலா சொன்னாள்.

வாசலில் ஒரு பெரிய நோட்டு வைத்திருந்தார்கள். கடிதங்களைச் சேர்த்தவர் முதல் பக்கத்தில் தன் கையால் நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று பிரியதர்ஷினி பேனாவை நீட்டினாள். சின்னராஜ் பேனாவைப் பார்த்தார். பிறகு அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார். நல்ல அகலமான பக்கம். நாலு வரியில் நிரம்பாது.

"நீ எழுது" என்று செல்லியிடம் தள்ளினார்.

"மூணாவது படிச்சவ நான். என்னான்னு எழுத?"

"எதாவது எழுது. நான் எழுதுனா யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியாது."

செல்லி பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுத்துக்கூட்டி, மெதுவாக, அவர் பெயரை எழுதினாள். சின்னராஜ் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.